முதலில் ஓட்டை, பிறகு மரம், கடைசியில் மெத்தை

சிலாங்கூரின் ராசா ஊரில் கடல் கிடையாது. ரயில் இருக்கிறது, செம்பனை இருக்கிறது. கோலா குபு பக்கமிருந்து வரும் சிலாங்கூர் ஆறு மட்டும் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), கம்போங் குவாந்தான் என்று இறங்கிப் போய்க் கோலா சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. ராசாக்காரர் ஒருவருக்குப் பழைய பாய்மரப் படகு வாங்கும் ஆசை வந்தால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. உலகம் சுற்றக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் பலர் லங்காவி, லூமுட், போர்ட் கிள்ளான் வரை வந்து, வயதானதாலோ உடல் முடியாததாலோ படகை அங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். முப்பது, நாற்பது வயதான ஃபைபர் படகு, பழைய மைவி கார் விலைக்குக்கூடச் சில சமயம் கிடைக்கும்.

கார் விலைக்குக் கிடைப்பது படகு மட்டும்தான். அதைக் கட்டி வைக்கும் இடத்துக்கு மாத வாடகை, கரையேற்றும் கூலி, சாயம், கம்பிவடம், எஞ்சின் சாமான் எல்லாம் தனிக் கணக்கு. முதல் முறை வாங்குகிறவர் கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. பாதியையாவது பழுதுக்கு ஒதுக்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். பழைய படகில் பணம் வீணாவது பெரும்பாலும் தவறான வரிசையில் செலவழிப்பதால்தான். மெத்தை உறை மாற்றி, புதுத் திரை பொருத்தி, பலகைக்கு வார்னிஷ் பூசி முடித்த பிறகு அடியில் ஒரு வால்வு கையோடு கழன்று வரும். முதலில் படகை மூழ்கடிக்கக்கூடியது, அடுத்து பாய்மரத்தைச் சாய்க்கக்கூடியது, அடுத்து தீ வைக்கக்கூடியது, பிறகு எஞ்சின். வசதி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இந்த வேலைக்கு உலகம் அறிந்த முன்னோடி ஜோசுவா ஸ்லோக்கம். பாய்க்கப்பல்களின் காலம் முடிந்து வேலையில்லாமல் இருந்த கப்பல் தலைவர் அவர். 1892-இல் பழைய நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு கப்பலைச் சும்மா தருகிறேன் என்றார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊருக்குப் போய்ப் பார்த்தால், கடலிலிருந்து சற்றுத் தள்ளி வயல் ஒன்றில் முட்டுக் கொடுத்து, கித்தான் போர்த்தி ஒரு படகு நின்றது. சிப்பி அள்ளப் பயன்பட்ட பழைய ‘ஸ்பிரே’. ஸ்லோக்கம் பக்கத்திலேயே ஓக் மரம் வெட்டி ஏரா என்னும் அடிக்கட்டை போட்டார், விலாச்சட்டங்களை நிறுத்தினார், பலகை மாற்றினார். வேலைக்கு 13 மாதம் பிடித்தது. சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். கடைசியில் பழைய படகில் மிஞ்சியது பெயர் மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியாகக் கிளம்பி 1898 ஜூனில் திரும்பினார். உலகத்தைத் தனியொருவராகப் பாய்மரத்தில் சுற்றிய முதல் மனிதர்.

அந்தக் கதையைக் கேட்டு மயங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்லோக்கம் முதல் முறை படகு வாங்கியவர் அல்லர். வாழ்நாள் முழுவதும் கப்பலில் கழித்தவர், அதற்கு முன்பே கையால் படகு கட்டியவர். நமக்கு அந்தக் கை இல்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கும் செலவும், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத சர்வேயர் ஒருவரின் கூலியும் உங்களுடையவை. அதைச் சுமையாக நினைத்துத் தவிர்த்தவர்களைப் பல படகுத்துறைகளில் பார்க்கலாம். அவர்களுடைய படகுகள் இன்னும் முட்டுமேல்தான் நிற்கின்றன.

தூக்கியதும் எல்லோர் கண்ணும் கொப்புளத்துக்குத்தான் போகும். ஃபைபர் உடம்புக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி, பாலியெஸ்டரில் கரையக்கூடியதைக் கரைத்து, உள்ளே அழுத்தம் ஏறி மேல்பூச்சை உப்ப வைக்கும். குத்தினால் காடி வாடையோடு நீர் வரும். ‘ஒஸ்மோசிஸ்’ என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். குறைக்கட்டும், உங்களுக்கு லாபம். கொப்புளத்தால் மூழ்கிய படகு மிக அரிது. நம்முடைய ஈரக்காற்றில் படகின் உடம்பு முழுவதையும் சுரண்டிக் காயவைக்கப் பல மாதம் பிடிக்கும், அத்தனை மாதமும் வாடகை ஓடும். கொப்புளம் சிலதானால் அவற்றை மட்டும் தோண்டிக் காயவைத்து எபாக்ஸியால் அடைத்துவிட்டுப் போகலாம்.

கொப்புளத்தைவிட ஏராவை உற்றுப் பாருங்கள். ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இரும்பு அல்லது ஈய ஏராவை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். உடம்பும் ஏராவும் சேரும் கோட்டில் துருநீர் வடிந்திருக்கிறதா, முன்பக்கம் விரிசல் வாய் திறந்திருக்கிறதா, உள்ளே போல்ட் தலைகளைச் சுற்றி ஃபைபர் வெடித்திருக்கிறதா? எப்போதாவது தரைதட்டியதா என்று நேராகக் கேளுங்கள். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபீக்கி’ என்ற பந்தயப் படகு அட்லாண்டிக் நடுவே ஏரா கழன்று கவிழ்ந்தது; நான்கு பேரும் போய்விட்டார்கள். முன்பு தரைதட்டியதும், அதற்குப் பிறகு செய்த பழுதுவேலையும் உள்கட்டை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை. மலாக்கா நீரிணையின் இந்தக் கரை பெரும்பாலும் சேறுதான். சேற்றில் தட்டினால் சேதம் குறைவு, ஆனால் முந்தைய சொந்தக்காரர் எங்கெங்கே தட்டினார் என்று படகு சொல்லாது.

அடுத்து, அடியிலுள்ள துளைகள். எஞ்சின் குளிர்விக்க, கழிப்பறைக்கு, சமையல் தொட்டிக்கு என்று ஒரு சின்னப் படகிலேயே ஐந்தாறு துளை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. 38 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று, நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். சின்னப் படகுகளில் மாட்டியிருக்கும் சாதாரண மின்பம்பு அதில் கால்வாசியைக்கூட வெளியேற்றாது. ஆகவே பெரிய பம்பு வாங்குவதற்கு முன்னால் வால்வைச் சரி செய்யுங்கள்.

கெடுதல் பித்தளையில்தான். குழாய்க்கடையில் விற்கும் சாதாரணப் பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கும். கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிட்டு, இளஞ்சிவப்பான, பொத்தலான செம்பை விட்டு வைக்கும். பார்க்க முழுசாக இருக்கும், ஸ்பேனர் போட்டால் பொடியும். வீட்டுக் குழாய்க்கு மலிவு நல்லதுதான், படகின் அடிக்கு வேண்டாம். வெண்கலம், அல்லது துத்தநாகம் கரையாதபடி செய்த தனிப் பித்தளை, அல்லது படகுக்கென்றே வார்த்த கெட்டி பிளாஸ்டிக் வால்வு போடுங்கள். ரப்பர் குழாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அந்தத் துளைக்கு ஏற்ற மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு புது மின்னணுத் திரையின் விலைக்குள் அடங்கிவிடும்.

நம் ஊரில் பழைய படகைக் கடல்நீரைவிட மழைநீர்தான் அதிகம் கெடுக்கிறது. மேல்தளம் வெறும் ஃபைபர் அல்ல. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே பால்சா என்ற லேசான மரமோ ஒட்டுப்பலகையோ வைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் குமிழ், ஜன்னல் என்று எதையெதையோ திருகிய இடங்களில் பசை காய்ந்து வெடிக்க, மழை உள்ளே இறங்கி நடுமரத்தை ஊறவைக்கும். கடல்நீராவது உப்பு, மரத்தை அவ்வளவு சீக்கிரம் அழுகவிடாது. நல்ல தண்ணீர் அழுகவைத்துவிடும். ஸ்குரூடிரைவர் பிடியால் தளம் முழுக்க ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டுங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் அதே காது போதும். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் அழுகல். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போனால், எங்கிருந்து தண்ணீர் இறங்கியது என்று வட்டங்களே காட்டிவிடும்.

வட்டம் உள்ளங்கையளவு என்றால் திருகைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவே புதுத்துளை போடுங்கள். இனித் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. வட்டம் மேசையளவு என்றால் மேல்தோலையே வெட்டி எடுத்து, நடுவை மாற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். முதல் முறைக்காரரும் செய்யக்கூடிய வேலைதான். முதுகுதான் கேட்கும். மேல்தளம் முழுக்கவே மொத்தென்று சொன்னால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்; மலிவான வேறு படகு கிடைக்கும்.

எபாக்ஸியைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. 32 டிகிரி வெயிலில் அது விறுவிறுவென்று இறுகும். குவளை நிறையக் கலந்து வைத்துவிட்டுப் பிரஷ் தேடப் போனால், திரும்பி வரும்போது குவளை புகைந்துகொண்டிருக்கும். மெதுவாக இறுகும் கலவையை வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றினால் சூடு தங்காது. காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, பிற்பகல் மழைக்கு எபாக்ஸி பிடிக்காது. ஈரக்காற்றில் இறுகும்போது மேலே மெழுகு போன்ற படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவியே ஆக வேண்டும். தேய்த்தால் மட்டும் போகாது, உப்புத்தாள்தான் அடைத்துக்கொள்ளும்.

இனி மரம். அதாவது பாய்மரம். இதை நிறுத்திப் பிடிப்பவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவடங்கள். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரே ஓர் ஏமாற்று. காற்றுப் படும் இடத்தில்தான் அது பளபளக்கும். ஈரம் தேங்கி, காற்று நுழையாத இடுக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து வெடிக்கும். அதனால் மேல்முனையைவிடக் கீழ்முனைதான் சந்தேகத்துக்குரியது, உப்புத்தண்ணீர் வடிந்து வந்து, வடமுனையை இறுக்கிப் பிடிக்கும் குப்பிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை விரிசல், ஓர் இழை அறுந்து துருத்திய கம்பி, பழுப்புக் கறை ஆகிய மூன்றில் எது இருந்தாலும் வடத்தை மாற்றுங்கள். பத்து ஆண்டைத் தாண்டிய வடத்தைக் காப்பீட்டுக் கம்பெனிகளும் நம்புவதில்லை. எப்போது மாற்றியது என்று விற்பவரால் ரசீது காட்ட முடியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் படகின் உடம்போடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளையும் ஒன்றையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். அவை தளத்தை ஊடுருவும் இடத்தில்தான் அரிப்பு மறைந்திருக்கும்.

இந்த மலாக்கா நீரிணையில் காற்று பல நாள் சோம்பல். சோம்பல் கலைந்தால் பிடரியில் அடிக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கிலிருந்து ‘சுமத்ரா’ என்ற புயல்வரிசை வரும். மணிக்கு 40, 50 கடல்மைல் வேகத்தில்கூட வீசும், ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மரம் சாய்வதென்றால் அந்த ஒரு மணியில்தான் சாயும். ஆகவே பாயைச் சட்டென்று சுருக்கும் ஏற்பாடு கயிறு சிக்காமல் ஓடுகிறதா என்று துறையில் கட்டியிருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். பாயின் துணியைவிட வெயில் முதலில் தையலைத்தான் கெடுக்கும். நகத்தால் நூலை நெம்பிப் பாருங்கள், பொடிந்தால் முழுக்க மறுதையல் போட வேண்டும். துணி நன்றாக இருந்தால் புதுப்பாய் அவசரமில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். முப்பது ஆண்டில் ஐந்து சொந்தக்காரர்கள், ஒவ்வொருவரும் ஒரு விளக்கையும் ஒரு வயரையும் சேர்த்திருப்பார்கள், எவரும் பழையதைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள். வயரைப் பின்தொடர்ந்து போகாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். மொத்தத்தையும் உருவி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்புவயரால் தேவையானதை மட்டும் புதிதாக இழுப்பது சுலபம். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் தீ வைக்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை தோட்டத்து ஜெனரேட்டரும் தொழிற்சாலை எஞ்சினும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பயம் வேண்டாம். படகின் சின்ன டீசல் அதே குணம்தான். குளிர்விக்கும் கடல்நீர் மட்டும் புதுசு. கிள்ளான் ஆற்றுமுகத்து நீரில் சேறும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும். வடிகட்டியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். நீர்பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரத்தின் இதழ் உடைந்தால் எஞ்சின் சில நிமிடத்தில் கொதிக்கும், உபரிச் சக்கரம் ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும். புகைப்போக்கியில் கடல்நீர் கலக்கும் வளைவுக்குழாய் உள்ளே கரியாலும் உப்பாலும் அடைத்திருக்கும். எஞ்சின் கிளம்புகிறது, ஆனால் முழுவேகம் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

எரிபொருளில் இன்னொரு கதை இருக்கிறது. நம் முன்னோர் பால்வெட்டிய ரப்பரின் இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனை எண்ணெய்தான் 2019 முதல் வாகன டீசலில் 10 விழுக்காடு கலந்து வருகிறது. லாரிக்கு அது பிரச்சினை இல்லை, தினமும் எரித்துவிடும். படகின் தொட்டியிலோ மாதக்கணக்கில் தேங்கும். இப்படிக் கலந்த பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளியாகும். அலையில் படகு குலுங்கும்போது அந்தச் சளி கிளம்பி ஃபில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் நிற்பது, நிற்கக் கூடாத நேரத்தில்தான். பழைய தொட்டியைத் திறந்து அடிமண்டியை எடுத்துக் கழுவுங்கள், தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் குடுவையுள்ள ஃபில்டர் போடுங்கள். பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் பயோடீசல் மெல்ல இளகச் செய்யும் என்பதால் அதற்கென்று தயாரித்த குழாயாக மாற்றிவிடுங்கள்.

மரப்படகு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் படகாக வேண்டாம். அழகில் குறை சொல்ல முடியாது. திரெங்கானுவின் டுயோங் தீவில் செங்கால் மரத்தால், பலகைக்கும் பலகைக்கும் நடுவே கெலாம் மரப்பட்டை வைத்து, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்துப் படகு கட்டிய கைகள் உண்டு. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ கப்பல் 1938-இல் தமிழ் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை போய்ச் சேர்ந்தது. புதுச் சொந்தக்காரர் அதற்கு ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். ஆனால் அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் ஓர் ஊரே இருந்தது. வெதுவெதுப்பான இந்தக் கடலில் கப்பல்புழு பலகைக்குள் வெளியே தெரியாமல் குடைந்துகொண்டே போகும். வார இறுதியில் மட்டும் ராசாவிலிருந்து வந்து போகிறவரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

அடிச்சாயமும் அதே வெதுவெதுப்பால்தான் முக்கியமாகிறது. விட்டுவிட்டால் கொட்டலசு சில வாரத்தில் ஏறி, சில மாதத்தில் படகின் வேகத்தைப் பாதியாக்கிவிடும். பழைய அடுக்குகளை உலர வைத்துத் தேய்க்காதீர்கள். அந்தத் தூளில் செம்புண்டு; மிகப் பழைய அடுக்கானால், 2008-இல் உலக ஒப்பந்தத்தின்படி தடையான வெள்ளீய நஞ்சும் இருக்கலாம். தண்ணீர் ஊற்றித் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், வடியும் சேற்றைக் கடலில் விடாமல் அள்ளுங்கள். நம் மீனவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். போர்ட் கிள்ளான் பக்கம் பெருக்கு நாளில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் படகைக் கம்பத்தோடு சாய்த்துக் கட்டிவிட்டு வற்றத்தில் சுரண்டுவார்கள். தட்டையான அடி கொண்ட படகுக்கு அது சரி. ஒற்றை ஏராவில் நிற்கும் பாய்மரப் படகைச் சேற்றில் அப்படி நிறுத்தினால் இரவில் சாய்ந்து படுத்துவிடும். கூலி கொடுத்துத் தூக்குங்கள். லூமுட் பக்கம் மரினா ஐலண்டில் தூக்கிக் கரையில் வைத்து நீங்களே வேலை செய்ய இடமுண்டு.

மேம்படுத்தலுக்கு அவசரம் காட்டாதீர்கள். ஸ்லோக்கம் ‘ஸ்பிரே’யின் மரத்தை ஏழடி குறைத்தது ஃபேர்ஹேவனில் அல்ல, அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன பிறகு பியூனஸ் அயர்ஸில். பின்பக்கம் சின்ன மரம் ஒன்று சேர்த்தது அதற்கும் பிறகு, மெகல்லன் நீரிணையில். படகு எங்கே அடம்பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மாற்றினார். வழிகாட்ட அவர் வைத்திருந்த கடிகாரம், முகம் உடைந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். ஒரு பருவமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தக் கடலுக்கு முதலில் வேண்டியவை என்று நான் நினைப்பவை நல்ல நங்கூரமும் சங்கிலியும், கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி, தளத்துக்கு மேலே பெரிய நிழற்கூரை. மலாக்கா நீரிணை உலகில் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. கரையோரம் வந்தால் இரவில் விளக்கில்லாத வலைகள். நிழற்கூரை ஆடம்பரம் என்று சிரிப்பவர் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சுக்கான் பிடித்துப் பார்க்கட்டும்.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லங்காவிக்கு 1987 முதல் வரிவிலக்கு. அங்கே வாங்கிய படகையும், வெளிநாட்டுக் கொடியுடன் நிற்கும் படகையும் உள்ளூர்க்காரர் பெருநிலத்துக்குக் கொண்டுவரும்போது வரிக் கேள்வி எழும். பணம் கொடுப்பதற்கு முன்பு சுங்கத் துறையிலும் கடல்சார் இலாகாவிலும், அதாவது ஜபாத்தான் லாவுட்டில், நேரில் கேட்டுவிடுங்கள். விற்பவரின் பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள்.

இறக்கும் நாளில் தூக்கியின் பட்டைகள் படகைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு வால்வையும், சுக்கான் தண்டையும், புரோப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரமா, உலர்வா? தூக்கிக்காரர் அவசரப்படுத்துவார், பின்னால் வேறு படகு காத்திருக்கும். கால் மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்குகிறார்கள். எல்லாம் உலர்ந்திருந்தால் மட்டும் மேலே ஏறிவந்து பட்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள்.